கத்திரி நாற்றுக்கு எந்த விளக்கு, எந்த சோக்கு?

"மேனேஜர் சார், ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உங்க நெல் அறையில லைட்டு எரியுதே, பணம் எண்ணுறீங்களா?" என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. எண்ணுவது உண்மைதான். பணத்தை அல்ல, கத்திரி நாற்றை.

34 வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே கொள்ளிடக் கரையில் இருக்கும் சொந்த ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டரை ஏக்கர். வயலில் நெல், படுகையில் காய்கறி. ரசாயனம் கிடையாது. ஆடியில் ஆற்றில் தண்ணீர் பெருகினால் படுகை முங்கிவிடும் என்பதால், எங்கள் பக்கம் கத்திரிக்குத் தைப் பட்டம்தான். தையில் நட வேண்டுமென்றால் கார்த்திகையில் நாற்று விட வேண்டும். கார்த்திகை என்றால் எங்கள் ஊரில் மழை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மேலத்தெரு அத்தைக்கு அப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. பச்சையில் வெள்ளை வரி ஓடும் நாட்டுக் கத்திரி அவர் வீட்டுக் கொல்லையில் மட்டும்தான் இருந்தது. அத்தைக்கு இடுப்பு முறிந்து படுத்த வருடம், துணியில் சாம்பல் சேர்த்து முடிந்த விதையை என் கையில் கொடுத்தார். மூன்று ஸ்பூன் இருக்கும்.

"இனிமே என்னால குனிய முடியாதுப்பா. நீ காப்பாத்திக் குடு. காய் வந்தா எனக்கு நாலு பறிச்சிட்டு வா."

நெல் ஜெயராமன் அய்யா நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கிய கதை நமக்கெல்லாம் தெரியும். அதேபோல இதையும் ஒரு கடனாகத்தான் எடுத்துக்கொண்டேன். எத்தனையோ பேருக்குக் கடன் கொடுத்தவன், இந்தக் கடனைக் கட்ட மூன்று வருடம் திண்டாடினேன். அந்தத் திண்டாட்டத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வருடம்: மழையும் குண்டு பல்பும்

ஒரு ஸ்பூன் விதையை மேட்டுப்பாத்தியில் விட்டேன். முளைத்து இரண்டாவது வாரம் ஐந்து நாள் விடாமல் மழை. நாற்றழுகல் வந்து, பாத்தி முழுக்கத் தண்டு அடியில் நசிந்து சாய்ந்தது. பதறிப்போய், அரை ஸ்பூன் விதையைக் குழித்தட்டில் போட்டு, குதிர் இருந்த நெல் அறைக்குள் வைத்து, பழைய 100 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். நாற்று ஒரு வாரத்தில் வெளிறிப்போய் நூல் மாதிரி நீண்டு படுத்துவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் 100க்கு 5 பங்குகூட சரியாக வெளிச்சமாவதில்லை. மீதியெல்லாம் சூடு. வருகிற கொஞ்ச வெளிச்சத்திலும் சிவப்பும் அதைத் தாண்டிய தூரச் சிவப்பும்தான் அதிகம், நீலம் மிகக் குறைவு. நீலம் குறைந்து தூரச் சிவப்பு கூடினால், தான் ஏதோ மரநிழலில் இருப்பதாகச் செடி நினைத்துக்கொள்ளும். வெளிச்சத்தைத் தேடி உயர ஓடும். நாற்று விளக்கில் நீலம் இருக்க வேண்டும் என்பது முதல் பாடம்.

இரண்டாம் வருடம்: அமெரிக்க விளக்கு

மைத்துனர் மகன் அமெரிக்காவில் வீட்டுக்குள் கீரை வளர்த்தவன். ஊருக்கு வந்தபோது, "மாமா, இது செடிக்குன்னே உள்ள லைட்டு" என்று 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கையும், செங்கல் மாதிரி கனக்கும் அதன் சோக்கையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். அங்கே 120 வோல்ட், நம் வீட்டில் 230. அதற்கும் வழி இருந்தது. மிக்ஸிக்காக வாங்கிப் போட்டிருந்த வோல்ட் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் பரணில் கிடந்தது. மாட்டினோம். அறையே பகல் மாதிரி ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு ஸ்பூன் விதை போட்டேன்.

முளைத்த மூன்றாம் நாள் சோக்கு வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. நான்காம் நாள் இரவு கீல் உருகும் நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால் சோக்குக்குள்ளிருந்து கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே வைக்கோல் கட்டு. நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. ஒன்றரை அடி உயரத்தில் தொங்கிய அந்த விளக்கின் சூட்டில் நாற்றும் ஏற்கெனவே கருகியிருந்தது.

மறுநாள் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பி வந்து லேபிளைப் பார்த்தவுடனே சொன்னார்: "வோல்ட்ட மாத்துனீங்க சார், சைக்கிள் மாத்துனீங்களா? இதுல 60 போட்டிருக்கு பாருங்க."

சோக்கு என்ன செய்கிறது?

தம்பி சொன்னதை விளக்கிவிடுகிறேன். புத்தகத்தில் பாலாஸ்ட் என்று போட்டிருப்பதைத்தான் நாம் சோக்கு என்கிறோம். டியூப் லைட், சோடியம் விளக்கு, மெட்டல் ஹாலைடு ஆகியவற்றில் எல்லாம் வாயு வழியாக மின்சாரம் பாய்ந்துதான் வெளிச்சம் வருகிறது. ஒருமுறை பற்றிக்கொண்டால் அந்த வாயு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே போகும், கட்டுப்பாடு கிடையாது. வாய்க்காலுக்கு மதகு மாதிரி அதைக் கட்டுப்படுத்துவதுதான் சோக்கு. மதகு இல்லாவிட்டால் கரை உடையும்.

இந்த மதகு எவ்வளவு தடுக்கும் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 60, நம் நாட்டில் 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், துடிப்பை மாற்றாது. 60க்குச் சுற்றிய செப்புச் சுருள் 50இல் ஆறில் ஒரு பங்கு குறைவாகத் தடுக்கும். மின்னோட்டம் கூடும், சூடு ஏறும், கீல் உருகும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் விளக்கு கொண்டுவந்தால், லேபிளில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

சோக்கு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. விளக்கின் வாட்டும் சோக்கின் வாட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 150 வாட் சோடியம் பல்புக்கு 250 வாட் சோக்கு போட்டால் பிரகாசமாகத்தான் எரியும், சீக்கிரம் செத்துப்போகும். சூட்டில் விபத்தும் நடக்கலாம்.

2. சோடியம், மெட்டல் ஹாலைடு இரண்டுக்கும் சோக்கு மட்டும் போதாது. பற்றவைக்க இக்னைட்டர் வேண்டும், கூடவே கெப்பாசிட்டரும் போடுவார்கள். கரண்ட் போய் வந்தால் உடனே எரியாது. ஆறிய பிறகுதான் பற்றும். அதற்குப் பல நிமிடம் ஆகும். மழைக்காலத்தில் நம் ஊரில் கரண்ட் வந்து வந்து போவது தெரிந்ததே.

3. டியூப் லைட்டுக்குச் செப்புச் சோக்கு, எலக்ட்ரானிக் சோக்கு என்று இரண்டு உண்டு. செப்புச் சோக்கு கனமானது, வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் 36 வாட் டியூப்புக்குத் தான் ஒரு 10 வாட் தின்னும். ஆகமொத்தம் 46 வாட். எலக்ட்ரானிக் சோக்கு தின்பது குறைவு, கண் சிமிட்டாமல் எரியும். இடி மின்னலுக்கும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் சீக்கிரம் போய்விடும். ஒல்லியான டி5 டியூப்புக்கு எலக்ட்ரானிக் சோக்கு மட்டுமே.

4. செப்புச் சோக்கின் லேபிளில் டி.டபிள்யூ 130 என்பது போல ஒரு எண் இருக்கும். சுருள் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான குறி அது. லேபிளே இல்லாத பழைய சோக்கைச் சல்லிசாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். எந்தச் சோக்கையும் வைக்கோல், சாக்கு, மரத்தூள் பக்கத்தில் வைக்காதீர்கள்.

லூமன் நம் கண்ணுக்கு, செடிக்கு அல்ல

பல்பு அட்டையில் போட்டிருக்கும் லூமன் மனிதக் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு. நம் கண் பச்சை, மஞ்சள் ஒளிக்கு அதிகம் கூசும். அதனால்தான் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்குக்கு லூமன் எண் அதிகமாக வருகிறது. செடி 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள ஒளியைப் பயன்படுத்துகிறது. நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் அதில் அடக்கம்.

கடையில் நாற்றுக்கு விளக்கு கேட்கும்போது 6500 கெல்வின் என்று கேளுங்கள். நல்ல டியூப்பில் 865 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் 8 என்றால் நிறங்களைத் துல்லியமாகக் காட்டும் ரகம். 65 என்றால் 6500 கெல்வின். இந்த வெள்ளையில் நீலம் போதுமான அளவு இருப்பதால் நாற்று குட்டையாக, தண்டு தடித்து வரும்.

சிவப்பும் நீலமும் கலந்து ஊதா நிறத்தில் எரியும் எல்.இ.டி.க்கு 'செடி விளக்கு' என்று பேர் வைத்துக் கூடுதல் விலை சொல்கிறார்கள். செடி வளரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளா, புள்ளியா, பேன் இருக்கிறதா, எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தினமும் நாற்றை உற்றுப் பார்க்கிற நமக்கு வெள்ளைதான் வசதி.

மூன்றாம் வருடம்: டியூப் லைட்டு

மிச்சம் அரை ஸ்பூன் விதை. மூன்று வருடப் பழசு. இதுவும் போனால் அத்தையின் கத்திரி அத்தோடு முடிந்தது. அந்த வருடம் நான் புதிதாக எதுவும் செய்து பார்க்கவில்லை. நான்கு சாதாரண 36 வாட் டியூப், செப்புச் சோக்கு, ஸ்டார்ட்டர். மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்த தகரம். நாற்றுக்கும் டியூப்புக்கும் அரை அடி இடைவெளி. காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை 16 மணி நேரம், டைமர் போட்டு.

இரவிலும் விடாமல் எரித்தால் இன்னும் வேகமாக வளருமே என்று தோன்றும். செய்யாதீர்கள். கத்திரிக்கும் தக்காளிக்கும் இருட்டே இல்லாமல் போனால் இலை வெளுத்துவிடும். அவற்றுக்கும் ராத்திரி வேண்டும்.

சுமார் 300 விதையில் 180 முளைத்தது. தையில் 150 நாற்று படுகைக்குப் போனது. பங்குனியில் முதல் பறிப்பு. அத்தைக்கு நாலு காய் எடுத்துப்போனேன். கையில் வாங்கி, காம்பைத் திருப்பிப் பார்த்து, "முள்ளு கொஞ்சம் கொறஞ்சிருக்கு. ஆனா அதேதான்" என்றார். விதைக்கு விட்ட காயை அறுத்து, ஆறு ஸ்பூனுக்கு மேலாகவே கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கடுத்த வருடம் அத்தை இல்லை. விதை இன்றைக்கு எங்கள் ஊரில் பதினோரு வீட்டில் இருக்கிறது.

இப்போது: எல்.இ.டி.

டியூப்பிலிருந்து எல்.இ.டி.க்கு மாறியதற்கு இரண்டு காரணம். ஒன்று, பாதரசம். ஒவ்வொரு டியூப்பிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் நாற்று மண்ணில்தான் விழும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடிய பிறகும் அந்த மலையில் பாதரசப் பிரச்சினை தீராமல் இருந்ததை நாம் பார்த்தோம். மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, 2027க்குள் டியூப் லைட் தயாரிப்பையே நிறுத்த முடிவெடுத்தன. இனிப் புதிதாக வாங்குபவர்கள் டியூப்பும் சோக்கும் வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம். வீட்டில் இருப்பதை உடையாமல் பயன்படுத்தித் தீருங்கள்.

இரண்டாவது காரணம் செலவு. என் தட்டு 4 அடிக்கு 2 அடி. 98 குழித்தட்டு நான்கு வைக்கலாம், ஆக 392 நாற்று. யூனிட் 8 ரூபாய் என்று வைத்து, 16 மணி நேரத்துக்கு ஒரு நாள் கணக்கு:

400 வாட் மெட்டல் ஹாலைடு, சோக்கோடு 450 வாட்: 7.2 யூனிட், 57 ரூபாய் 60 காசு.
36 வாட் டியூப் நான்கு, செப்புச் சோக்கோடு 184 வாட்: சுமார் 2.9 யூனிட், 23 ரூபாய் 50 காசு.
20 வாட் எல்.இ.டி. பட்டி ஐந்து, 100 வாட்: 1.6 யூனிட், 12 ரூபாய் 80 காசு.

நியாயமாகச் சொன்னால் மெட்டல் ஹாலைடு இன்னும் பெரிய இடத்துக்கு வெளிச்சம் தரும். ஆனால் எனக்கு இருப்பது ஒரு தட்டு. எல்.இ.டி. வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழுவதால் மேலே போய் வீணாவதில்லை.

எல்.இ.டி.க்கு சோக்கு இல்லை. அதனுள் டிரைவர் என்ற சர்க்யூட் இருக்கிறது. முதலில் போவது பெரும்பாலும் அதுதான். பழைய டியூப் பட்டியிலேயே எல்.இ.டி. டியூப்பை மாட்ட நினைப்பவர்கள், சில ரகத்துக்கு ஸ்டார்ட்டரை எடுத்தால் போதும், சில ரகத்துக்கு சோக்கையே கழற்றி நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அட்டையில் படம் போட்டிருக்கும். அப்படி மாற்றிய பட்டியில் பழைய டியூப்பை மறந்தும் மாட்டிவிடக் கூடாது. அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது. துல்லியம் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். நல்ல உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ். வீட்டுக்குள் நாம் படிக்கும் வெளிச்சம் 200, 300. என் தட்டில் 9,000 வருகிறது. கத்திரி, மிளகாய் நாற்றுக்கு அது போதும். 3,000க்குக் கீழே போனால் நாற்று நீளத் தொடங்குவதை என் தட்டின் ஓரங்களில் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே அறையில் இருப்பதால் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. கட்டாயம். இரும்புத் தட்டு என்றால் எர்த் கொடுங்கள். மோட்டாருக்குக் கொடுத்த இலவச விவசாய இணைப்பிலிருந்து இழுக்காதீர்கள், வீட்டு இணைப்பில் போடுங்கள்.

லாபமா நஷ்டமா?

விதை போட்ட ஐந்தாறு நாள் விளக்கு வேண்டாம். முளை தெரிந்த நாளிலிருந்து 20 நாள் எரித்தால் 256 ரூபாய். 360 நல்ல நாற்று தேறினால், ஒரு நாற்றுக்கு 71 காசு விளக்குச் செலவு மட்டும். விதை, தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், கூலி எல்லாம் தனி. வெளியே நிழல்வலைக் கூடாரத்தில் சூரியன் இதே வேலையை ஓசியில் செய்கிறது.

ஆகவே எல்லா நாற்றுக்கும் விளக்கு போடாதீர்கள். முதலில் பாலிதீன் கூரை. சாதாரண மழைக்கு அதுவே போதும். வானம் ஒரு வாரம் திறக்காமல் இருட்டிக் கிடந்தால்தான் விளக்கு. அதுவும் காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காத விதைக்கு. விளக்கு வந்துவிட்டதால் நாற்றழுகல் போய்விடாது என்பதையும் நினைவில் வையுங்கள். தட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் காட்டுங்கள். ஒரு சின்ன மின்விசிறி ஓடட்டும். 3 சத பஞ்சகவ்யா தெளியுங்கள். வெளியே எடுக்கும்போது முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என ஒரு வாரம் வெயிலுக்குப் பழக்குங்கள். 9,000 லக்ஸில் வளர்ந்த பிள்ளையை ஒரே நாளில் 1 லட்சத்தில் நிறுத்தினால் வெந்துவிடும்.

போன வருடம் பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் வந்தார். கொட்டகைக்குள் விளக்கு போட்டே தக்காளி விளைவிக்கப் போவதாகவும், 20 லட்சம் கடன் கேட்கப் போவதாகவும் சொன்னார். "நீங்க பேங்க்ல இருந்தவங்க, திட்ட அறிக்கையைப் பார்த்துச் சொல்லுங்க பெரியப்பா" என்றார். அவரோடு உட்கார்ந்து ஒரு கணக்கு போட்டேன். உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டரில் சூரியன் கொட்டுவது சுமார் 1,000 வாட். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 4,000 யூனிட்டுக்கு மேல். அதில் செடிக்குப் பயன்படும் ஒளி பாதி என்று வைத்தாலும் 2,000 யூனிட், 8 ரூபாய் வீதம் 16,000 ரூபாய். ஒரு ஏக்கருக்கு, ஒரே மணி நேரத்துக்கு. தக்காளிக்கு அவ்வளவும் தேவையில்லைதான். ஆனால் காய்க்கிற செடி நாற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் கேட்கும், அதுவும் மாதக்கணக்கில். அவருடைய அறிக்கையில் மின்கட்டணம் மாதம் 6,000 என்று போட்டிருந்தது. அவர் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டார். இப்போது நிழல்வலையில் நாற்றுப்பண்ணை நடத்துகிறார். மழைக்கு மட்டும் இரண்டு தட்டு விளக்கு வைத்திருக்கிறார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு அத்தையோ பாட்டியோ துணியில் முடிந்து விதை வைத்திருப்பார்கள். போய்க் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை ஒரே வருடத்தில் முழுக்கப் போட்டுவிடாமல் பாதியை எடுத்து வையுங்கள். அப்படி வைத்ததால்தான் என் கடன் அடைந்தது. வரிக் கத்திரி விதை வேண்டுவோர் அடுத்த விதைத் திருவிழாவில் என்னைப் பார்க்கலாம். தீப்பெட்டி ஒன்று கொண்டுவந்தால் போதும். மறுவருடம் இரண்டு தீப்பெட்டியாகத் திருப்பித் தர வேண்டும்.